இரண்டு ஃபோர்ட்ரானும் ஒரு காலிச் சரக்கறையும்

போன வாரம் புரோகிராம் எழுதும் இளையவர்களாகிய உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது ஒரு பெண், பெயர் கேட்க மறந்துவிட்டேன், ஒரே மடிக்கணினியில் ஒரே கணினி மொழியின் நான்கு பதிப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு வரியைத் தட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் காட்டினாள். எனக்கு வாயெல்லாம் பல். “ஆன்ட்டி, உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?” என்று வேறு கேட்டாள். இருந்தது அம்மா. இரண்டே பதிப்புதான் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கப்பலைத் துறையில் நிறுத்திவைத்து, ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தன. அன்று சொல்ல நேரமில்லை, பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். பிலோமினா என்ற முழுப்பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் பிலோதான். வீடு தேக்காவில். காலையில் பஸ் பிடித்துப் போனால் எங்கள் மாடிச் சன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். உள்ளே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினி. அதற்குக் குளிரூட்டி, எங்களுக்கு மின்விசிறி. யார் முக்கியம் என்பதில் நிர்வாகத்துக்குக் குழப்பமே இருந்ததில்லை.

எங்களிடம் ஒரு முக்கியமான புரோகிராம் இருந்தது. கப்பலின் எந்தச் சரக்கறையில் எவ்வளவு எடை, அடியில் எவ்வளவு தண்ணீர் என்று கொடுத்தால், கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் எவ்வளவு ஆழம் அமிழும் என்று கணக்குப் போட்டுத் தாளில் அடித்துத் தரும். தண்ணீர் என்றதும் விழிக்காதீர்கள். சரக்குக் குறைவாக இருக்கும் கப்பல் நிலையாக நிற்பதற்காக, அதன் அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்வார்கள். சரக்கேற்றத்துக்குப் பொறுப்பான கப்பலின் சீஃப் ஆபீசர் அந்தத் தாளைத் தன் கணக்கோடு ஒத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கப்பல் நகரும்.

அதை எழுதியவர் ஜமால். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த குடும்பம். கடையில் உட்காராமல் கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். பேச்சு குறைவு, வேலை சுத்தம். அப்போதுதான் தெம்பனிஸில் புதுவீடு பதிவு செய்திருந்தார். மனைவிக்குக் குழந்தை பிறக்க இருந்தது. எங்கள் தலைவர் மிஸ்டர் டான். அவரும் ஒரு காலத்தில் புரோகிராம் எழுதியவர், அந்தப் பெருமை அவருக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நியாயமானவர், ஆனால் அவசரக்காரர். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே வருவது என் தமிழ்.

அந்தக் கணினியில் என்னென்ன எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நாங்கள் புரோகிராம் எழுதிய மொழி ஃபோர்ட்ரான். கணினியோடு வந்த பதிப்பு ஒன்று இருந்தது, பிறகு புதிய பதிப்பு ஒரு காந்த நாடாவில் வந்தது. நாங்கள் வைத்த பெயர் பழசு, புதுசு. இரண்டையும் ஏற்றிவிட்டேன். ஆனால் கணினியின் வட்டில் இடம் எப்போதும் இழுபறி. மிஸ்டர் டான் தானே உட்கார்ந்து, சரக்கு நிரம்பிய சில கப்பல்களின் கணக்கைப் பழசிலும் புதுசிலும் ஓட்டிப் பார்த்தார். புள்ளி பிசகாமல் ஒத்துப் போனது. இரண்டும் ஒன்றுதான், பழசை அழித்துவிடு என்றார்.

எனக்கு மனது ஒப்பவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்றால் புதிதாக ஒன்றை ஏன் மெனக்கெட்டு எழுதினார்கள்? எங்கேயோ ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும், அது என்னவென்று பார்க்காமல் அழிக்க எனக்குக் கை வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள் சார் என்று கேட்டேன். பிலோ பழம்பொருள் காட்சிச்சாலை திறக்கப் போகிறாள் என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார், ஆனாலும் விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து வேலைக்கு நடுவே சின்னச் சின்னப் புரோகிராம்களை எழுதி இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒரு வித்தியாசமும் அகப்படவில்லை.

எது யாருக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தட்டி உள்ளே நுழையும்போது ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு தானாக ஓடும். ஃபோர்ட்ரான் என்று கேட்டால் எதைக் கொடுப்பது என்று அதில் எழுதியிருக்கும். மிஸ்டர் டான் சொன்னபடி எல்லார் பெயரையும் புதுசுக்கு மாற்றியிருந்தேன். ஜமால் மட்டும், தன்னுடையதெல்லாம் பழசில் எழுதியது, நேரம் கிடைக்கும்போது மாறிக்கொள்கிறேன் என்று பழசிலேயே இருந்துவிட்டார். எங்கள் தேவாலயத்தில் மூன்று அந்தோணிகள் உண்டு. பாதிரியார் “அந்தோணி” என்று கூப்பிட்டால் ஓர் ஆள் வருவார், சமையற்கட்டிலிருந்து அதே பெயரைக் கூப்பிட்டால் வேறோர் ஆள் வருவார். எங்கள் கணினியிலும் அதே நிலைமைதான். ஆனால் அலுவலகத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. கணினி ஒன்று, அதனால் ஃபோர்ட்ரானும் ஒன்று என்றே எல்லார் மனதிலும் இருந்தது.

நோன்புப் பெருநாள் வந்தது. ஜமால் விடுமுறையில் போனார். போகும் முன் தாளின் தலைப்பு வரிகளைக் கொஞ்சம் அழகுபடுத்திவிட்டுப் போனார். அவர் திரும்புவதற்கு முதல் நாள் பார்த்து எங்களுக்குப் புதிதாக ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. புதுக் கப்பல் வந்தால் அதன் அளவுகளைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி, ஃபோர்ட்ரானிடம் கொடுத்து மறுபடி கம்பைல் செய்வது, அதாவது கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது, எங்கள் வழக்கம். தனிக்கோப்பில் வைத்திருக்கலாமே என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஜமாலை வீட்டிலிருந்து கூப்பிட வேண்டாம், பெருநாள் அதுவுமாய் மனிதர் நிம்மதியாக இருக்கட்டும் என்று மிஸ்டர் டானே உட்கார்ந்து அளவுகளை எழுதி, கம்பைல் செய்து, தாளையும் எடுத்துக் கப்பலுக்கு அனுப்பினார். மனது நல்ல மனதுதான்.

ஜமால் ஒரு டின் நிறையப் பலகாரத்தோடு வேலைக்குத் திரும்பிய காலையில், அந்தக் கப்பலின் சீஃப் ஆபீசர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர், நெட்டையான ஆள், வெயிலில் கறுத்த முகம். என் கழுத்துச் சிலுவையையும் முகத்தையும் பார்த்து, தமிழிலேயே பேசலாம் என்று முடிவு செய்துவிட்டார் போல.

“ரெண்டாம் நம்பர் அறை காலிங்கீங்க, வாஸ்தவம். அதுக்கு அடியில நான் நிரப்பி வச்சிருக்க தண்ணிய யாரும்மா குடிச்சா?”

தாளைப் பார்த்தேன். இரண்டாம் சரக்கறையில் சரக்கு இல்லை, சரி. ஆனால் அதன் அடித்தொட்டித் தண்ணீரும் கணக்கில் சேரவில்லை. அதனால் கப்பல் முன்பக்கம் தூக்கியபடி நிற்பதாகத் தாள் சொன்னது. அவர் கைக்கணக்கு வேறு சொன்னது. அவருடைய கணக்கு சரி என்பது சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும், கப்பல் அங்கே மட்டமாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

மிஸ்டர் டான் தான் எழுதிய அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றிலும் பிழையில்லை. உடனே ஜமால் பக்கம் திரும்பி, எனக்கு முன்னால் கடைசியாகப் புரோகிராமில் கை வைத்தது நீதானே என்றார். தலைப்பு வரிகளை மட்டும்தான் மாற்றினேன் என்றார் ஜமால். அப்படியே தன் இடத்தில் போய் உட்கார்ந்து, அதே புரோகிராமைக் கம்பைல் செய்து, அதே கப்பலின் கணக்கை ஓட்டினார். தாள் வந்தது. தண்ணீர் அதில் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

ஜமால் செய்த நல்ல வேலை அவருக்கே வினையாக முடிந்தது அந்த நிமிடத்தில்தான். சரியான தாள் வந்ததும் மிஸ்டர் டானின் முகம் இறுகிவிட்டது. அவர் மனதில் ஓடியது எனக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது. நேற்று தப்பு வந்த புரோகிராமில் இன்று சரியாக வருகிறது. நடுவில் அதன் முன் உட்கார்ந்தவர் ஜமால் ஒருவர்தான். ஆக, இப்போது எல்லார் கண் முன்னாலும் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, ஒன்றுமே செய்யவில்லை என்று சாதிக்கிறார்.

மிஸ்டர் டான் குரலை உயர்த்தவில்லை. “தப்பு செய்றது சகஜம் லா. மறைக்கிறவங்களை நான் வச்சுக்க முடியாது” என்றார். இன்றே மேசையைக் காலி செய்துவிடலாம், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ஜமால் என்னைப் பார்த்தார். “பிலோ, நான் ஒரு வரியைக்கூடத் தொடல. அல்லா மேல சத்தியமா” என்றார். தெம்பனிஸ் வீடும், பிறக்கப் போகும் குழந்தையும், அந்தப் பலகார டின்னும் எல்லாமாகச் சேர்ந்து கண் முன்னால் வந்தன. அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பதை வைத்து மிஸ்டர் டானிடம் என்ன பேச முடியும்? புரோகிராம் ஒன்றுதான் இருந்தது, பழைய பிரதி ஏதும் இல்லை. ஒப்பிட்டுக் காட்ட ஒன்றுமே இல்லை.

இதற்கிடையில் மிஸ்டர் டான் புதுத் தாளைச் சீஃப் ஆபீசரிடம் நீட்டி, இது சரியாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், கப்பலை வெளியே கொண்டுபோக வழிகாட்டி மாலுமி காத்திருக்கிறார் என்றார். எல்லாருக்கும் அதுதான் வசதி. கப்பல் போய்விடும், நிறுவனத்தின் பெயர் தப்பிக்கும், ஜமால் மட்டும் போய்விடுவார். நான் வாயைத் திறந்தேன். நேற்று ஏன் தப்பு வந்தது என்று தெரியாமல் இன்று வந்ததை எப்படி நம்பிக் கொடுப்பது என்று கேட்டேன். மிஸ்டர் டான் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. சீஃப் ஆபீசர் என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“அந்தப் பொண்ணு கேக்கறதுதான் எனக்கும் வேணும். ஏன் வந்துச்சுன்னு தெரியாத சரியான கணக்கும் எனக்கு வேண்டாம். அலையில கப்பல் சாஞ்சா யார்கிட்ட கேக்கறது?” என்றார்.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் என்னிடம் எந்த யோசனையும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது. சரி, நாமும் ஒரு தடவை ஓட்டித்தான் பார்ப்போமே என்று என் இடத்தில் உட்கார்ந்து என் பெயரைத் தட்டினேன். ஜமாலிடம், எதையும் தொடாதீங்க, என் பக்கத்துல வந்து கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க என்றேன். அப்படியே நின்றார். அவர் இப்போதுதான் ஓட்டிய அதே புரோகிராமை, ஓர் எழுத்தும் மாற்றாமல், கம்பைல் செய்து ஓட்டினேன்.

தாள் வந்தது. தண்ணீர் காணவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஜமால் ஓட்டினால் சரி, நான் ஓட்டினால் தப்பு. புரோகிராம் அதேதான், கப்பலும் அதேதான். மாறியது உட்கார்ந்த ஆள் மட்டும். அவருக்குக் கிடைப்பது பழசு, எனக்குக் கிடைப்பது புதுசு. நான் நாட்கணக்கில் வலைபோட்டுத் தேடிய அந்த வித்தியாசம், ஒரு கப்பலில் ஏறி வந்து என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தது.

புரோகிராமைத் திறந்து அந்த இடத்தை ஜமாலும் நானும் பார்த்தோம். பார்த்ததும் புரிந்தது. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்று சொன்னால், பழசு முதலில் ஒரு தடவை செய்துவிட்டு, பிறகுதான் இன்னும் எத்தனை பாக்கி என்று பார்க்கும். புதுசு முதலிலேயே எண்ணிக்கையைப் பார்க்கும், பூஜ்யம் என்றால் தொடவே தொடாது. சில வீட்டில் கேட்காமலே ஒரு தோசையைத் தட்டில் வைத்துவிட்டு இன்னொன்று வேண்டுமா என்பார்கள், சில வீட்டில் எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கல்லைச் சூடாக்குவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஜமால் ஒவ்வோர் அறையின் சரக்குகளையும் வரிசையாகக் கூட்டும்போது, முதல் சுற்றிலேயே அடித்தண்ணீரையும் சேர்த்துவிடுவார். காலி அறை என்றாலும் பழசு ஒரு சுற்று ஓடும், தண்ணீர் சேர்ந்துவிடும். புதுசில் சரக்கு பூஜ்யம் என்றதும் அந்தச் சுற்றே கிடையாது, தண்ணீரும் போச்சு. சரக்கு நிரம்பிய கப்பல்களை மட்டுமே மிஸ்டர் டான் ஓட்டிப் பார்த்ததால், அவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காலி அறையை வைத்து ஓட்டிப் பார்க்க எனக்கும் தோன்றியதில்லை.

கணினி விஷயம் விளங்கிவிட்டது. மனிதர் விஷயம் பாக்கி. நேற்று புதுசில் ஓட்டியது மிஸ்டர் டான். அதை எப்படிச் சொல்வது? வெளியாள் உட்கார்ந்திருக்கிறார், பிரிவு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. “நீங்கதான் சார்” என்று நான் சொல்லியிருந்தால் அவருக்கு முகம் போயிருக்கும். முகம் போன தலைவர் பிறகு ஜமாலுக்கு நியாயம் செய்வாரா என்று எனக்குப் பயம். இரண்டு தாள்களையும் அவருக்கு முன்னால் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“சார், என் பேர்ல ஓட்டினா இது வருது. ஜமால் பேர்ல ஓட்டினா இது வருது. ஏன்னா அவருக்குப் பழசு, எனக்குப் புதுசு” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் தாள்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்த் தன் பெயரைத் தட்டி, ஃபோர்ட்ரான் எது என்று கேட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அந்தச் சில அடி தூரம் நடந்து வர அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நேராகச் சீஃப் ஆபீசரிடம் போய், அந்தத் தாளை ஓட்டியது நான்தான், தவறான பதிப்பில் ஓட்டிவிட்டேன் என்றார். பிறகு ஜமாலிடம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, “நான் உன்னைப் பொய்யன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிரு” என்றார். தலைவர் ஒருவர் அப்படிப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஜமால் கட்டிய கையை மெல்லப் பிரித்தார். “சார், என் புரோகிராம்லயும் ஓட்டை இருக்கு. தண்ணிய நான் வெளியில கூட்டியிருக்கணும்” என்றார். சீஃப் ஆபீசர் அந்தப் பலகார டின்னை அவராகவே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இனி கப்பலை எடுக்கலாம் என்று கிளம்பினார். ஜமாலின் தாளோடுதான் போனார்.

இப்போது உங்களுக்கு ஒன்று. மிஸ்டர் டான் சொன்ன அன்றே நான் பழசை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லார் பெயரிலும் தப்பான தாளே வந்திருக்கும். பெருநாளுக்குப் போகும் முன் நீதான் கெடுத்துவிட்டுப் போனாய் என்று மிஸ்டர் டான் சொன்னால் ஜமாலிடம் பதில் இருந்திருக்காது. அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பழசுதான். அதனால் எதையும் அழிக்காமல் குப்பையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. அழிக்கும் முன், புதியது எதில் வேறுபடுகிறது என்பதை ஒன்றாவது கண்டுபிடியுங்கள். ஒன்றும் அகப்படவில்லை என்றால் நீங்கள் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எங்கள் தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும், எந்தப் பதிப்பு, யார் ஓட்டியது என்று அடிக்க ஏற்பாடு செய்தார் ஜமால். தண்ணீரைக் கூட்டும் வரியை வெளியே எடுத்தார். திருத்தியதும் முதல் வேலையாக, எல்லா அறையும் காலியான ஒரு கப்பலைக் கற்பனையாக உண்டாக்கி இரண்டிலும் ஓட்டினார். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னன. மிஸ்டர் டான் மறுபடி வட்டில் இடமில்லை என்று ஆரம்பித்தபோது, இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. பழசை ஒரு நாடாவில் மட்டும் பதிவு செய்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். அது அவருக்குத் தெரியும். பழம்பொருள் காட்சிச்சாலை என்று அவர் மறுபடி சொன்னதில்லை.

அழிக்கும் நாளன்று எல்லாரும் ஜமாலின் நாற்காலியைச் சுற்றி நின்றோம். நீயே அழித்துவிடு, உன் கையால் போகட்டும் என்றார் மிஸ்டர் டான். ஜமால் விசைப்பலகையில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுத்துவிட்டு, மிஸ்டர் டானை நிமிர்ந்து பார்த்தார்.

“யார் பேர்ல சார்?”

அறையே சிரித்தது. மிஸ்டர் டான்தான் அதிகமாகச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. பிறகு குனிந்து, தன் பெயரைத் தானே தட்டினார்.